அனோராவின் கணவனா, அலிஸ்டரின் ராணியா? ஃபெரல்டன் அரியணைக் கணக்கு

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வரும். இன்னும் விளையாடாதவர்கள் பிறகு படியுங்கள்.)

2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் வீடியோ கேமில், கடைசிப் போருக்கு முன்னால் ஃபெரல்டன் நாட்டின் லேண்ட்ஸ்மீட் என்ற பிரபுக்கள் சபை கூடும். ஆஸ்டகர் போரில் மன்னன் கெய்லன் செத்துவிட்டான், வாரிசு இல்லை. போட்டியில் இரண்டு பேர்: கெய்லனின் மனைவி அனோரா, கெய்லனின் அப்பா மேரிக்குக்கு முறைதவறிப் பிறந்த அலிஸ்டர். நீங்கள் கூஸ்லண்ட் பிரபு வீட்டுப் பிள்ளையாக விளையாடினால், இவர்களில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு நீங்களும் அரண்மனைக்குள் போகலாம். எல்ஃப், ட்வார்ஃப் இனத்தவருக்கும் மேஜுக்கும் (மந்திரவாதி) அந்த வாய்ப்பு கிடையாது.

ஆண் கூஸ்லண்ட் அனோராவை மணந்தால் கிடைக்கும் பட்டம் பிரின்ஸ் கான்சார்ட், அதாவது ஆளும் ராணியின் கணவன். மன்னன் இல்லை. பெண் கூஸ்லண்ட் அலிஸ்டரை மணந்தாலோ நேராக ராணி. விளையாட்டு இதை மேலை நாட்டு அரச வழக்கிலிருந்து எடுத்திருக்கிறது. அங்கே மன்னனின் மனைவிக்கு ராணிப் பட்டம் தானாக வந்துவிடும். ஆளும் ராணியின் கணவனை மன்னன் என்று அழைத்தால், அவளுக்கு மேலே ஒருவன் இருப்பதுபோல் ஆகிவிடும் என்ற பயம். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கே, கல்யாணமாகி 17 வருஷம் கழித்து 1857-இல்தான் பிரின்ஸ் கான்சார்ட் பட்டம் முறைப்படி கிடைத்தது.

ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்து ராணிதான் லாபம் என்று முடிவுகட்டக் கூடாது. அனோராவையே பாருங்கள். உடம்பில் தெய்ரின் என்ற அரச வம்சத்து ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை, அப்பா லோகெய்ன் குடியானவ வீட்டிலிருந்து மேலே வந்தவர். கெய்லன் அரியணையில் இருந்த ஐந்து வருஷமும் அவள் வெறும் மன்னன் மனைவிதான். நிர்வாகத்தை நடத்தியது என்னவோ அவள். கெய்லனுக்குப் போர்க்களப் பெருமைதான் பெரிது. துணைவி என்ற பெயரில் இருந்துகொண்டே நாட்டை ஆண்டு பழகியவள், தன் கணவன் அதே நாற்காலியிலிருந்து அதே வேலையைச் செய்ய விடுவாளா? அவளோடு சேரும் கூஸ்லண்டுக்கு மரியாதை நிறையக் கிடைக்கும். முடிவெடுப்பது அவள்தான் என்பது என் கணிப்பு.

அலிஸ்டரின் ராணிக்கு நிலைமை நேர்எதிர். அவனுக்கு ஆட்சியில் பெரிய ஆசை கிடையாது. அக்கா கோல்டன்னாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நீங்கள் கொஞ்சம் கறாராகப் பேசி அவனை ஹார்டன் செய்யாவிட்டால் (மனதைக் கெட்டிப்படுத்தாவிட்டால்), கடைசிவரை அரைமனதுதான். அப்படிப்பட்டவன் பக்கத்தில் விவரமான ராணி இருந்தால் கடிவாளம் யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகாரம் வேண்டும் என்றால் இந்த வழிதான் நல்லது.

இடிப்பது வாரிசு விஷயம். நீங்களும் அலிஸ்டரும் கிரே வார்டன்கள், அதாவது டார்க்ஸ்பான் என்ற அரக்கர்களோடு போரிடும் படையினர். வார்டன்களுக்குக் குழந்தை பிறப்பது அபூர்வம். டார்க்ஸ்பான் ரத்தம் குடித்துச் சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 30 வருஷத்தில் காலிங், அதாவது சாவுக்கான அழைப்பு, வந்துவிடும். ராஜா, ராணி இருவருமே வார்டன் என்றால், தெய்ரின் வம்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கல்யாணம் என்ற வாதமே படுத்துவிடுகிறது. அனோரா பக்கமும் நிம்மதி இல்லை. முப்பதை நெருங்கியும் ராணிக்குக் குழந்தை இல்லை, அவளை ஒதுக்கிவிடு என்று தாய்மாமன் ஏர்ல் ஈமன் கெய்லனுக்கு எழுதிய கடிதம் ரிட்டர்ன் டு ஆஸ்டகர் என்ற கூடுதல் பகுதியில் கிடைக்கும்.

அனோரா தனியாக, அலிஸ்டர் தனியாக என்ற வழிகளும் உண்டு. அவற்றில் பங்கு என்ற பேச்சே இல்லை.

ஆக, உண்மையாகவே அதிகாரம் பங்காவது நீங்கள் ஒதுங்கிக்கொண்டு அலிஸ்டரையும் அனோராவையும் சேர்த்துவைக்கும்போதுதான். அவனிடம் ரத்த உரிமை இருக்கிறது, அவளிடம் அனுபவம் இருக்கிறது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஓடாது. இங்கே இரண்டாந்தரப் பட்டம் யாருக்கும் இல்லை: அவன் மன்னன், அவள் ராணி. அவனை முன்பே ஹார்டன் செய்துவைப்பது நல்லது, இல்லையென்றால் எல்லாம் அவள் தலையில்தான் விழும். இன்னொன்று, ஆஸ்டகரில் கெய்லனைக் கைவிட்டுப் போன லோகெய்னைத் தண்டிப்பதாக இருந்தால் வாளை அலிஸ்டர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவைக் கொன்றவனுக்கு அனோரா கழுத்தை நீட்ட மாட்டாள்.