சஸ்காச்சுவான் ஏரிகள்: புல்வெளிக்குப் போவதா, காட்டுக்குப் போவதா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏரிகள் இருப்பதாகச் சொல்வார்கள். தெற்கே கோதுமை விளையும் புல்வெளியும் வடக்கே ஊசியிலைக் காடும் கொண்ட அந்த மாகாணத்தில், ஏரியின் குணத்தை அதன் பரப்பைவிட அடியில் கிடக்கும் நிலமே தீர்மானிக்கிறது. கோடையில் ஒரு வாரம் மட்டுமே கிடைப்பவர்கள் இதை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது.

தெற்கில் பனியாறுகள் விட்டுச்சென்ற வண்டல் சத்து மிகுந்தது. அங்குள்ள பள்ளங்கள் பலவற்றுக்கு வெளியேறும் ஆறு கிடையாது. பெய்யும் மழையைவிட ஆவியாகும் நீர் அதிகம் என்பதால் உப்பு ஏரியிலேயே தங்கிவிடுகிறது. வாட்ரஸ் ஊருக்கு அருகிலுள்ள லிட்டில் மானிட்டு ஏரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மக்னீசியம், சோடியம், சல்பேட் செறிந்த அந்த நீர், கால்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தால் உடலைத் தானாகவே மிதக்கவிடும். கரையேறிச் சற்று நேரம் வெயிலில் நின்றால் தோலில் வெண்ணிற உப்புப் படியும். மீன் பிடிக்க நினைப்பவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் மூட்டுவலிக்காரர்களும் நீச்சல் தெரியாதவர்களும் இவ்வளவு நிம்மதியாக நீரில் கிடக்கக்கூடிய இடம் அந்த மாகாணத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் போதும். ஒரு வாரம் தங்க வேண்டியதில்லை.

அதே புல்வெளியில் இருந்தாலும் டீஃபன்பேக்கர் ஏரி முற்றிலும் வேறானது. தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றின் குறுக்கே கார்டினர் அணை 1967-இல் கட்டி முடிக்கப்பட்டபோது உருவான இந்த நீர்த்தேக்கம் சுமார் 225 கிலோமீட்டர் நீளமுடையது. ராக்கி மலைகளின் உருகுபனி இதற்கு வந்து சேர்கிறது. சஸ்காட்டூன், ரெஜைனா நகரங்களின் குடிநீரும் பெருமளவு இங்கிருந்துதான் போகிறது. படகோட்டவும் மீன் பிடிக்கவும் இடத்துக்குக் குறைவில்லை. எனினும் இது அணையின் தேவைக்கேற்ப நிரப்பப்படும் நீர் என்பதை மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் இறங்கும் மட்டம் கோடையின் முற்பகுதியில் பல மீட்டர் உயர்வதால், வசந்தத்தில் அகலமாகத் தெரியும் மணற்கரை ஜூலையில் சுருங்கிவிடுகிறது. அருகிவரும் பைப்பிங் ப்ளோவர் என்னும் சிறிய உப்புக்கொத்தி அந்த மணலில்தான் முட்டையிடுகிறது. நீர் ஏறும் ஆண்டுகளில் அதன் கூடுகள் மூழ்கிவிடுகின்றன. இந்த இழப்பை ஏரியின் வசதிகளைப் பேசும்போதெல்லாம் சேர்த்துப் பேச வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

வடக்கே நகர்ந்தால் முதலில் வருவது 1927-இல் அமைக்கப்பட்ட பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவிலுள்ள வாஸ்கேசியு. மணற்கரை, கடைகள், விடுதிகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் சிறு குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம். கோடை வார இறுதிகளில் கூட்டம் மட்டும் தவிர்க்க முடியாதது.

என் தேர்வு அதற்கும் வடக்கே, பிரின்ஸ் ஆல்பர்ட் நகரிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாக் லா ரோஞ்ச் ஏரி. இங்கே கனடியப் பாறைக்கேடயம் தொடங்குகிறது. பழமையான கடினப் பாறை, அதன்மேல் மெல்லிய மண், சுற்றிலும் வயல்கள் இல்லாத காடு. ஆகவே நீரில் சத்து குறைவு, தெற்கு ஏரிகளைக் கோடையில் பச்சையாக்கும் பாசிப் பெருக்கமும் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் காற்றைத் தடுப்பதால் கனூ படகில் ஒரு தீவின் மறைவிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். வழுவழுப்பான பாறைச் சரிவிலேயே படகை ஒதுக்கி, ஜாக் பைன் மரங்களின் கீழ்க் கூடாரம் அடிக்கலாம். இதே வட்டாரத்தில், சர்ச்சில் ஆற்றங்கரையில் ஸ்டான்லி மிஷன் கிராமத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் மரத்தாலான ஆங்கிலிக்கன் தேவாலயம் 1850-களில் கட்டத் தொடங்கப்பட்டது. மாகாணத்தில் எஞ்சியுள்ள கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. அதற்குப் படகில்தான் போக முடியும். க்ரீ என்னும் பழங்குடி மக்கள் இன்றும் வாழும் நிலம் இது என்பதால், கிராமங்களை ஒட்டிய இடங்களில் முகாமிடுவதற்கு முன் அனுமதி கேட்பது முறை.

குறைகளும் உண்டு. தண்ணீர் ஜூலைவரை கைகால் விறைக்கும் குளிர்ச்சி. ஜூன் மாதக் கொசுக்களைச் சமாளிப்பது எளிதன்று. காட்டுத்தீயோ அவற்றைவிடப் பெரிய கவலை: 2015-இல் லா ரோஞ்ச் நகர மக்களே வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆகஸ்டு முற்பகுதியில் போவது நல்லது. புறப்படும் முன் மாகாண அரசின் தீ எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, புகை சூழ்ந்திருந்தால் தயங்காமல் வாஸ்கேசியுவுக்கோ டீஃபன்பேக்கருக்கோ திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.