திருவிழா ராத்திரிக்கு ஒன்று, மரப் பட்டறைக்கு ஒன்று: இயர்பிளக் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைய சத்தம் வழி தேட வேண்டியதில்லை. நடுவில் வளவு வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. சுற்றிலும் ஆத்தங்குடிக் கல், வழுவழுப்பாக இழைத்த சுண்ணாம்புச் சுவர், தூண்கள். சத்தத்தை உள்வாங்கிக்கொள்ள அங்கே ஒரு திரைச்சீலைகூட இருக்காது, எல்லாம் எதிரொலிக்கும். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்குத் தெருமுனையில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால், முகப்பைத் தாண்டி இரண்டாங்கட்டு அறை வரை பாட்டு தெளிவாக வந்துவிடும். சன்னலைச் சாத்தினால் வெக்கை. ஆகவே சத்தத்தைக் காதில்தான் தடுக்க முடியும். பஞ்சை உருண்டையாக்கி வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். பஞ்சில் காற்றுப் புகும் இடமெல்லாம் ஒலியும் புகும், அதனால் அது தடுப்பது மிகக் குறைவு. உள்ளே இழை தங்கிப்போகும் தொந்தரவு வேறு.

பஞ்சுக்குப் பதில் காதை அடைக்கத்தான் இயர்பிளக். அதை வாங்கும்போது எல்லோரும் எத்தனை டெசிபல் சத்தம் குறையும் என்று டப்பாவில் அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் முதல் குழப்பம். த்ரீஎம் 1100 என்ற ஆரஞ்சு நிற ஃபோம் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறைப்படி அந்த எண், அதாவது என்.ஆர்.ஆர்., 29. அதே பிளக்குக்கு ஐரோப்பிய முறைப்படி எஸ்.என்.ஆர். 37. பொருள் ஒன்றுதான், சோதித்த முறை வேறு. ஒரு கம்பெனியின் 29-ஐ இன்னொரு கம்பெனியின் 37-உடன் ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். என்.ஆர்.ஆர். எண்ணும் ஆய்வுக்கூடத்தில் சரியாக மாட்டிக் கிடைத்தது. வேலையிடக் கணக்குக்கு அதில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்கிக்கொள்வது பாதுகாப்பான வழக்கம். 29 என்றால் 11 டெசிபல்.

இந்தக் கணக்கு மரப் பட்டறையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பழைய வீடு பிரித்த பர்மா தேக்கை அறுக்கிறார்கள், இழைக்கிறார்கள். சத்தம் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியாஷ் தரும் வரம்பு. அதன்படி 100 டெசிபலில் வெறுங்காதோடு நிற்கத் தக்க நேரம் 15 நிமிடம். 11 டெசிபல் குறைந்தால் ஏறக்குறைய 3 மணி நேரம் கிடைக்கும். சரியாக மாட்டினால் இன்னும் கூடும். அதாவது 29-க்குப் பதில் 33 போட்ட பிளக்கைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பதை ஒழுங்காகச் சொருகக் கற்றுக்கொள்வதில் லாபம் அதிகம். பல வருடம் பல வகை பயன்படுத்திய பின்னும் இந்தக் கருத்து மாறவில்லை.

சொருகும் விதம் இதுதான். கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். ஃபோமை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் ஊதுவத்திக் குச்சி போல ஒல்லியாக்குங்கள். அமுக்கினால் போதாது, உருட்டத்தான் வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்தக் கோட்டின் வழியே சத்தம் ஒழுகும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதின் குழி வளைவானது, இழுத்தால்தான் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 முதல் 40 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் விரியும் ஃபோம் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும்.

சரிபார்க்க, சத்தம் இருக்கும் இடத்தில் இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பிளக் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. மூடும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் கழற்றி மறுபடி போடுங்கள்.

நம் ஊர் வெயில் இதில் ஒரு சிக்கல் வைக்கிறது. ஃபோம் குளிரில் மெல்ல விரியும், சூட்டில் சீக்கிரம் விரியும். மார்கழி இரவில் நிதானமாகப் போடலாம். சித்திரை மதியம் தகரக் கொட்டகைக்குள் உருட்டி முடிப்பதற்குள்ளேயே பருத்துவிடும். இரண்டையும் ஒன்றாக உருட்டி வைக்காமல், ஒரு காதை முடித்த பிறகே அடுத்ததை உருட்டுங்கள். பிளக் டப்பாவை ஸ்கூட்டர் பெட்டியில் வைக்காதீர்கள். நிழலில் இருந்தாலே போதும்.

அடுத்தது எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்த காதில் எந்தப் பிளக்கும் நிற்காது. ஃபோம் வழுக்கி வெளியே வரும், மெழுகு போன்ற சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. காது மடலையும் குழி வாயையும் காய்ந்த துணியால் துடைத்து, உள்ளே ஈரம் போன பிறகுதான் போட வேண்டும். ஈரக் காதை மூடி இரவெல்லாம் வைத்தால் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

தூக்கத்துக்கு என்று வந்தால் கணக்கு மாறுகிறது. ராத்திரி முழுக்க உறுத்தாமல் இருப்பதே முதல் தகுதி. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு நீளமான கெட்டி ஃபோம் தலையணையில் முட்டி வலிக்கும். அவர்கள் மென்மையான, நுனி ஒடுங்கிய சிறிய அளவு ஃபோமை முதலில் பார்க்கலாம். அதுவும் ஒத்துவராதவர்களுக்கு உருட்டிப் பிசையும் சிலிக்கான் உருண்டை இருக்கிறது. மேக்ஸ் பில்லோ சாஃப்ட் இந்த வகை, என்.ஆர்.ஆர். 22. இதைக் குழிக்குள் திணிக்கக் கூடாது. தட்டையாக்கிக் காதின் வாயை மூடி, ஓரங்களை ஒட்ட வேண்டும். உள்ளே போய்விட்டால் எடுக்க மருத்துவர்தான் வேண்டும். தூசியும் தலைமுடியும் ஒட்டி ஐந்தாறு இரவில் ஒட்டும் குணம் போய்விடும். குறட்டை, நாய் குரைப்பு, விடியற்காலை மைக் செட் இவற்றுக்கு இது போதும். வாசலிலேயே ஜெனரேட்டர் ஓடினால் ஃபோம்தான்.

ஜெனரேட்டரின் உறுமலும் ஒலிபெருக்கியின் தாழ்ந்த அதிர்வும் எந்தப் பிளக்கிலும் கொஞ்சம் மிஞ்சும். அரைகுறையாகச் சொருகினால் முதலில் ஒழுகுவது இந்தத் தாழ்ந்த ஒலிதான். முழுக்கச் சொருகினாலும் எலும்பு வழியே ஒலி உள்காதை அடைவதால் முழு நிசப்தம் கிடைக்காது. பிளக்குக்கு மேலே ஹெட்ஃபோன் போலக் காதை மூடும் கவசம் மாட்டினாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான். அந்த மிச்சத்தை மறைக்க ஃபேன் சத்தமே நல்ல துணை. புதிதாகப் போடுபவர்களுக்குத் தன் மூச்சும் விழுங்கும் சத்தமும் பெரிதாகக் கேட்டுத் தூக்கம் கெடும். பெரும்பாலும் பிளக் குழி வாயிலேயே நிற்பதால் வருவது அது. இன்னும் ஆழமாகப் போனால் குறையும்.

மூன்றடுக்குக் குடை போன்ற ரப்பர் பிளக், த்ரீஎம் அல்ட்ராஃபிட் போன்றது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். அழுக்குக் கையால் ஃபோம் உருட்ட முடியாத பட்டறையில் இதுதான் கைகொடுக்கும். தூங்க உதவாது, காம்பு தலையணையில் இடிக்கும். கயிறு கோத்தவற்றைச் சுழலும் பெல்ட் பக்கம் போடாதீர்கள், போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். கல்யாண வீட்டில் தவிலுக்கு எதிரே உட்காருபவர்களுக்கு எட்டிமோட்டிக் ஈஆர்20 போன்ற வடிகட்டி வைத்த பிளக் பொருந்தும். சத்தம் குறையும், நாதஸ்வரம் மந்தமாகாது. கைக்குழந்தைக்குப் பிளக் வேண்டவே வேண்டாம். வாயில் போட்டுக்கொள்ளும். தலையில் மாட்டும் கவசம் வாங்குங்கள்.

ஃபோமைப் பட்டறையில் ஒரு நாள், படுக்கையில் மூன்று நான்கு இரவு, அதற்குமேல் வேண்டாம். உருட்டிவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பாத ஃபோமும், மேல்தோல் பளபளத்து இறுகியதும் குப்பைக்கே. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெல்லத் திருகி, காற்று நுழைந்த பிறகு எடுங்கள். இறுகிய பிளக்கைச் சட்டென்று உருவினால் செவிப்பறையில் இழுவை விழும்.

தொடர்ந்து போடுபவர்களுக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்வதுண்டு. ஹேர்பின்னாலோ தீக்குச்சியாலோ தோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்பு, நீர் வடிதல், மடலைத் தொட்டால் வலி இருந்தால் அன்றே பிளக்கை நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை பரவக்கூடும். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் காதில் வைக்க வேண்டாம்.

படுக்கும்போது செல்போனை அதிர்வில் வைத்துத் தலையணை உறைக்குள் செருகிவிடுங்கள், அலாரம் தவறாது. ராத்திரியில் கூப்பிடக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு காதுக்கு மட்டும் போட்டு, அந்தக் காது மேலே வரும்படி படுக்கலாம். தலையணையில் அமுங்கிய காது ஓரளவு அடைபடும். அவர்கள் சற்று உரக்கக் கூப்பிட்டால் விழிப்பு வருகிறதா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.