மாரியிலும் கச்சானிலும் ஓடும் சின்னக் கோச்சி: மட்டக்களப்பு வீட்டில் மொடல் ரயில் லேஅவுட், நீண்டகாலப் பாவனை

புதுத் தண்டவாளத்தில் எந்த எஞ்சினும் ஓடும். மட்டக்களப்பில் ஒரு லேஅவுட்டின், அதாவது பலகைமேல் அமைத்த சின்ன ரயில்பாதையின், தரம் தெரிய இரண்டு மாரியும் ஒரு கச்சானும் கழிய வேண்டும். கார்த்திகை மழையில் ஊறி, ஆனி ஆடிக் காற்றில் காய்ந்து, மறுபடி ஊறிய பிறகும் எஞ்சின் நடைவேகத்தில் பொயின்டை (பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை) தாண்டினால் அது நல்ல வேலை. அந்த அளவுகோலில் நின்றுபிடித்தவையும் கைவிட்டவையும் இங்கே.

முதலில் கைவிடுவது மேசை. 8 × 4 அடி பிளைவூட் ஷீட்டை அப்படியே போட்டு வட்டப்பாதை அமைப்பதுதான் பலரின் தொடக்கம். சுவரோடு சாத்தினால் அந்தப் பக்கத்துக்குக் கை எட்டாது. சராசரி ஆளின் கை 75 செ.மீ.க்கு மேல் போகாது, பலகையோ 122 செ.மீ. அதைவிடப் பெரிய சிக்கல், ஈரம். அறுத்த விளிம்பு வழியாகத்தான் பிளைவூட் அதிகம் தண்ணீர் குடிக்கும். மேற்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தையும் விளிம்பையும் விட்டால், ஒரு பக்கம் மட்டும் உப்பிப் பலகை வில்லாக வளையும். சரியாகக் காயாத 2 × 1 அங்குல மரச்சட்டம் முறுகும், கறையான் வேறு.

நின்றுபிடிப்பது இது: கதவு, ஜன்னல் அடிக்கும் அலுமினியக் கடையில் வெட்டி வாங்கிய பொக்ஸ்பார் (சதுரக் குழாய்) சட்டம், அதன்மேல் ஆறு பக்கமும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்த 9 மி.மீ. பிளைவூட், அதற்கு மேல் 25 மி.மீ. கனத்தில் அடர்த்தியான ரெஜிபோம் (தெர்மோகோல்). ரெஜிபோம் ஈரத்துக்கு அசையாது, சத்தத்தையும் கொஞ்சம் அடக்கும். ஒட்டுவதற்கு வெள்ளை பைண்டர் கம் மட்டும். செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசை பட்டால் ரெஜிபோம் கண்முன்னே உருகிக் குழியாகும்.

திட்டத்துக்கு மட்டக்களப்பு ஸ்டேஷனே நல்ல முன்மாதிரி. மாகோவில் பிரிந்து, கல்லோயா, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வரும் பாதை இங்கே முடிகிறது. முடிவு ஸ்டேஷனுக்கு வட்டம் தேவையில்லை. சுவரோரம் 45 செ.மீ. அகலத்தில் 'எல்' வடிவப் பலகை போதும். ஒரு கையில் ஸ்டேஷன், மறுகையில் திரைக்குப் பின்னால் ரயில்கள் காத்திருக்கும் யார்ட். ஏற்ற இறக்கம் இல்லாத கரையோரச் சமநிலம் என்பதால் சரிவுக் கணக்கும் மிச்சம்.

கணக்கைப் பென்சிலால் கீறும்போது பொயின்டைச் சின்னதாகக் கீறிவிடுவதுதான் வழக்கமான பிழை. எச்ஓ அளவில் (நிஜத்தின் 87இல் ஒரு பங்கு) நடுத்தர பொயின்ட் ஒன்று ஏறக்குறைய 22 செ.மீ. நீளம். வந்த எஞ்சின் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மறுமுனைக்குப் போக முனைத்துண்டு (பொயின்டுக்கு அப்பால் எஞ்சின் நிற்கும் பாதைக் கடைசி) 25 செ.மீ., பொயின்ட் 22, நான்கு பெட்டி நிற்கும் லூப் (பக்கப்பாதை) 125, மறு பொயின்ட் 22: மொத்தம் 194 செ.மீ. மூன்று மீற்றர் பலகையில் மிச்சம் ஒரு மீற்றர் சொச்சம்தான். முனைத்துண்டை மட்டும் குறைக்கவே வேண்டாம். இன்று இருக்கும் சின்ன எஞ்சினுக்கு அளந்து வெட்டினால் நாளை வாங்கும் பெரிய எஞ்சின் பொயின்டுக்கு மேலேயே நிற்கும். மூலை வளைவின் ஆரை, மிக நீளமான பெட்டியின் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது, 24 செ.மீ. பெட்டிக்கு 60 செ.மீ.

எச்ஓ தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:87இல் அது 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். ஆகவே பாதை கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். கையால் தண்டவாளம் கட்டும் பொறுமை இல்லாதவர்கள் அதை ஏற்றுக்கொள்வதே மேல்.

இனி மூட்டு. இரண்டாவது மாரியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு துண்டுகளை இணைக்கும் ஜொயினர் தகடு தண்டவாளத்தைப் பிடிக்க நல்லது, கரண்ட் கடத்த நல்லதல்ல. உப்புக்காற்று அதற்குள் புகுந்து களிம்பு பிடித்தால், எஞ்சின் தொலைவு போகப்போகச் சோர்ந்து கடைசியில் நிற்கும். பலர் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார்கள். பழுது அதில் இல்லை. ஒவ்வொரு 914 மி.மீ. பிளெக்ஸ் (வளைக்கக்கூடிய தண்டவாள) துண்டுக்கும் தனியாக ஒரு சோடி வயர் ஈயம் பற்றவையுங்கள். பலகைக்குக் கீழே பிரதான வயராக வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 (0.67 மி.மீ. கம்பி ஏழு) வயர் போதும், அதிலிருந்து மேலே வரும் துண்டு 15 செ.மீ.க்குள் இருந்தால் மெல்லிய ஒற்றை வயர் தாங்கும். ரோசின் உள்ள ஈயமே பாவியுங்கள். குழாய் வேலைக்கான அமில பிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசும் பசை) பட்ட இடம் நம் ஈரக்காற்றில் பச்சையாகப் பூக்கும்.

வளைவில் உள்ள மூட்டை வளைக்கும் முன்பே ஈயம் வைத்து இணைக்கலாம். நேர்ப்பாதையில் மூட்டைத் திறந்தே விடுங்கள். மூன்று மீற்றர் தண்டவாளம் 10 பாகை சூட்டுக்கு அரை மி.மீ. அளவு நீளும். மழைக்காலக் குளிரில் இடைவெளியே இல்லாமல் முட்டவைத்துப் பதித்த பாதை, கச்சான் வெயிலில் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மி.மீ. விடுங்கள், நண்பகல் சூட்டில் பதித்தால் அதைவிடக் குறைவு போதும்.

பொயின்டின் நடுவே தவளை எனப்படும் துண்டு பிளாஸ்டிக்காக இருந்தால் இரண்டு அச்சுச் சின்ன எஞ்சின் மெதுவாக வரும்போது அதில் செத்துவிடும். உலோகத் தவளை வாங்கி, பொயின்ட் திரும்பும் திசைக்கேற்ப முனைவு (பிளஸ், மைனஸ்) மாற்றும் சுவிட்ச் பொருத்துவது ஒரு மாலை வேலை. டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) போடுபவர்கள் பாதையின் ஒவ்வொரு மீற்றரிலும் ஒரு பத்து ரூபாக் காசைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். கொன்ட்ரோலர் உடனே கரண்டை வெட்ட வேண்டும். வெட்டாத இடத்தில் வயர் மெலிவு அல்லது ஈயம் பிடிக்கவில்லை.

தண்டவாளத்தைச் சுற்றிக் கொட்டும் சல்லிக்கு கல்லடிக் கடற்கரை மண் அள்ளவே வேண்டாம். உப்பு ஒருபுறம், கறுப்பு மண் மறுபுறம். காந்தத்தைப் புரட்டினால் அதில் ஒட்டுவதெல்லாம் நாளைக்கு மோட்டருக்குள் போகும். கருங்கல் தூளைக் கழுவிக் காயவைத்து, தேயிலை வடியில் சலித்து, காந்தம் காட்டிய பிறகு பாவியுங்கள். அதை ஒட்ட பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பொயின்டின் அசையும் நாக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் துடைக்க ஐசோபுரோபைல் அற்ககோலும் பருத்தித் துணியும். மணல் கடதாசி தேய்த்தால் அன்று மினுங்கும். அந்தக் கீறல்களில்தான் அடுத்த வாரம் அழுக்கு அடையும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சில்லுகளை உலோகத்துக்கு மாற்றினால் துடைக்கும் வேலை நன்றாகக் குறையும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் பவர் பெட்டியை நம் 230இல் நேரே செருகாதீர்கள். எந்தப் பவர் பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள், மழைத்தண்ணீர் உள்ளே வரும் வீடுகளில் முக்கியமாக. இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஓடாத நேரம் பழைய வெள்ளைச் சீலை ஒன்றால் முழுவதையும் மூடுங்கள்: காய்ந்த பல்லி எச்சம் ஒன்று போதும், எஞ்சினின் முன் சில்லு தண்டவாளத்தை விட்டு இறங்க.