எண்ணெய்ச் சொட்டும் சூட்டு ஒத்தடமும்: பல மாதப் பயன்பாட்டில் தெரிவது

கண் உறுத்தும், மணல் விழுந்தாற்போல் அரிக்கும், கூடவே நீரும் வழியும். இப்படிக் கண் வறட்சியால் அவதிப்படும் பலர் செயற்கைக் கண்ணீரை மணிக்கொரு தரம் விட்டும் தீராமல் வேறு பிராண்டுக்குத் தாவுகிறார்கள். பெரும்பாலும் குறை நீரில் இல்லை, எண்ணெயில். இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் சுரக்கும் கொழுப்புதான் கண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது. மெழுகு எஸ்டரும் கொலஸ்ட்ரால் எஸ்டரும் அதில் பெரும்பங்கு. அது கெட்டிப்பட்டுச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால், கண்ணீர்ப் படலம் 10 வினாடிகூடத் தாங்காமல் உடைகிறது.

ஆகவே முதல் வேலை ஒத்தடம். நல்ல கொழுப்பு உடல் சூட்டிலேயே இளகிவிடும். அடைத்துக்கொண்டதற்கு இமையின் உட்புறம் 40 டிகிரி வரை சூடேற வேண்டும். ஈரத்துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. பலர் "ஒத்தடம் பலிக்கவில்லை" என்று விட்டுவிடுவது இதனால்தான். துண்டுதான் என்றால் மூன்று நான்கைச் சூடாக வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மைக்ரோவேவில் சுடவைக்கும், சிறு மணிகள் நிரப்பிய கண்பட்டை 8–10 நிமிடம் சூடு ஆறாமல் இருக்கும். அதன் அட்டையில் போட்டிருக்கும் வினாடிக்கு மேல் சுடவைக்காதீர்கள், இமைத் தோல் சுட்டுவிடும். முடிந்தவுடன் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவ வேண்டும். கண்ணை அழுத்தித் தேய்க்கவே கூடாது. சூடான கருவிழி எளிதில் வடிவம் மாறும். கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைப்பது) உள்ளவர்களுக்கு இது பெரிய ஆபத்து. ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது. நிறுத்தினால் அடைப்பு மெல்லத் திரும்பும்.

எண்ணெய் கலந்த சொட்டு (விளக்கெண்ணெய் அல்லது மினரல் ஆயில் குழம்பு) நல்ல துணை. குலுக்கித்தான் விட வேண்டும். சில நிமிடம் பார்வை மங்கும், வண்டி ஓட்டுமுன் வேண்டாம். வேறு சொட்டும் இருந்தால் அதை முதலில் விட்டு, 5–10 நிமிடம் கழித்து இதை விடுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பென்சல்கோனியம் குளோரைடு இல்லாததே நல்லது. அந்தப் பதப்படுத்தி கொழுப்புப் படலத்தையே கலைக்கும்.

2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெர்ஃப்ளூரோஹெக்சைல்ஆக்டேன் என்ற கண் சொட்டில் தண்ணீரும் இல்லை, பதப்படுத்தியும் இல்லை. துளி மிகச் சிறியது என்பதால் விழுந்ததே தெரியாமல் பலர் இரட்டிப்பாக விடுகிறார்கள். குப்பியை நிமிர்த்தி அழுத்தி, அழுத்தியபடியே கவிழ்த்து, பிடியைத் தளர்த்திக் காற்றை உள்ளிழுக்கவைத்து, மீண்டும் அழுத்தினால் சரியாக ஒரு துளி வரும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, அரைமணி கழித்தே திரும்பப் போடலாம்.

மீன் எண்ணெய் மாத்திரையை இதற்காக வாங்க நான் சொல்லமாட்டேன். 2018இல் வெளியான பெரிய ஆய்வில், தினம் 3 கிராம் ஒமேகா-3 ஓராண்டு எடுத்தவர்கள் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களைவிடக் குறிப்பிடும்படி மேம்படவில்லை. அந்தப் பணத்தை மெய்போமியன் சுரப்பிகளைப் படமெடுக்கும் மெய்போகிராஃபிக்குச் செலவிடலாம். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மருந்து இந்தச் சுரப்பிகளைச் சுருக்கக்கூடும் என்பதால், அதைச் சாப்பிட்டவர்கள் இந்தப் படத்தைத் தவறவிடக் கூடாது. சுருங்கி மறைந்த சுரப்பியை எந்த ஒத்தடமும் மீட்பதில்லை.