அரசி ரானியாவின் இரு வழிகள்: யூடியூபும் மத்ரசத்தியும்

ஜோர்டான் அரசி ரானியா 2008-இல் அடுத்தடுத்துத் தொடங்கிய இரு முயற்சிகளில் யூடியூப் அலைவரிசையே உலகின் கவனத்தைப் பெற்றது. அரபு மக்களையும் முஸ்லிம்களையும் பற்றிய தப்பெண்ணங்களை எழுதி அனுப்புமாறு கேட்டு, அவற்றுக்குக் காணொளியிலேயே அவர் மறுமொழி தந்தார். அதற்காக யூடியூப் விருதளித்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாணியில், அலைவரிசையைத் தொடங்கியதற்கான பத்துக் காரணங்களை அடுக்கி நகைச்சுவையாக ஏற்றுக்கொண்டார். (அரண்மனையிலிருந்து இத்தகைய கேலியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.)

‘என் பள்ளி’ எனப் பொருள்படும் மத்ரசத்தியோ, நலிந்த 500 அரசுப் பள்ளிகளைச் சீரமைக்கும் இலக்கோடு தனியார் நிறுவனங்களையும் ஊர்மக்களையும் இணைத்தது. காணொளி வெளிநாட்டாரின் மனத்தை நோக்கிப் பேசியது; அங்கே விளைந்த மாற்றத்தை அளப்பது கடினம். செப்பனிட்ட வகுப்பறையை அங்கே அமரும் குழந்தையே அறியும் என்பதால், என் வாக்கு மத்ரசத்திக்கே. 2014-இல் வந்த ‘எட்ராக்’ இணையவழி அரபுப் பாடத்தளத்தில்தான் இவ்விரு வழிகளும் ஒன்றுசேர்ந்தன.