மூன்று விரலும் அம்புக்குக் கீழே: இந்த வில் ஒத்துழைக்குமா?

நண்பர் கேட்ட கேள்வி இது. ஒத்துழைக்கும்; ஆனால் வந்தபடியே விட்டால் கத்தும்.

25 அங்குல ஐஎல்எஃப் ரைசர் (வெவ்வேறு நிறுவன லிம்புகளையும் மாட்டக்கூடிய பொது இணைப்புள்ள கைப்பிடிப் பகுதி), மீடியம் லிம்ப் (மேலும் கீழும் வளையும் நடுத்தர நீளக் கைகள்), மொத்தம் 68 அங்குலம். கையேட்டில் டில்லருக்கு, அதாவது மேல் லிம்பிலிருந்தும் கீழ் லிம்பிலிருந்தும் நாண் வரை உள்ள தூரங்களின் வித்தியாசத்துக்கு, ஒரே ஒரு எண்தான்: மேலே 5 மிமீ கூடுதல். ஒரு விரல் அம்புக்கு மேலே, இரண்டு கீழே என்று பிடிப்பவருக்குத்தான் அந்த அளவு பொருந்தும். அதை ஒரு வரி எழுதினால் காசா செலவாகும்?

மூன்று விரலும் கீழே போனால் நாணை இழுக்கும் இடம் இறங்கி, உள்ளங்கை அழுந்தும் இடத்துக்கு நெருங்கிவிடும். இரண்டு லிம்புக்கும் இருக்க வேண்டிய வித்தியாசமும் அதோடு குறையும். 0 முதல் 2 மிமீக்குள் வைத்துப் பாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இழுக்கும்போதே வில் மேலும் கீழும் சாயும், விட்டதும் கைப்பிடி அதிரும், நாக் புள்ளியை (நாணில் அம்பு மாட்டும் இடத்தின் குறி) எங்கே வைத்தாலும் அம்பு துள்ளும்.

அளப்பது சுலபம். லிம்ப் ரைசரோடு சேரும் இடத்தில் ஸ்கொயரை (நாணில் மாட்டும் T வடிவ அளவுகோல்) நாணுக்குச் செங்குத்தாக வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று அளந்து கழிக்க வேண்டும். திருத்துவதற்கு முதலில் நாணைக் கழற்றிவிடுங்கள். லிம்பைப் பிடிக்கும் மேல் போல்ட்டை அரைச் சுற்று உள்ளே, கீழ் போல்ட்டை அரைச் சுற்று வெளியே. இப்படிச் செய்தால் இழுவிசை பெரிதாக மாறாது. நாணை மாட்டி மறுபடி அளக்க வேண்டும், பிரேஸ் ஹைட்டையும் (கைப்பிடியிலிருந்து நாண் வரை உள்ள தூரம்) சேர்த்து. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு மேல் போல்ட்டை வெளியே எடுக்கவே கூடாது. நாக் புள்ளி கடைசி வேலை: வழக்கத்தைவிடச் சற்று உயரத்தில் தொடங்கி, அம்பு கீழே சறுக்காமல் அடியில் இன்னொரு புள்ளியும் கட்டுங்கள்.

இவ்வளவும் சரி. எரிச்சல், போல்ட் நகராமல் பிடிக்கும் பூட்டுத் திருகில்தான். அதை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே கால் சுற்று நகர்கிறது, கஷ்டப்பட்டுப் பிடித்த டில்லர் போய்விடுகிறது. ஒரு ஆலன் கீயால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் பூட்டினால்தான் நிற்கும். பெட்டியில் ஒரு கீதான் வரும்!

டில்லர் சரியானதும் இந்த லிம்ப் அமைதியாக, வேகமாக விடுகிறது. இதே விலையில் இதைவிட நல்லதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் திருகை நினைத்தால் யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.