கப்ஸா, சாம்பாவா: பிரிண்டர் பகிர்வில் எது மண்டையை உடைக்காது?

லினக்ஸ் சர்வரில் இருக்கும் பிரிண்டரை மற்ற கணினிகளுக்குப் பகிரப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் அடிபடும். லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸே (CUPS), ஐபிபி (IPP) என்ற நெட்வொர்க் அச்சு நெறிமுறை மூலம் நேரடியாகக் கொடுப்பது ஒன்று. அதன் மேல், விண்டோஸ் பாணிப் பகிர்வை லினக்ஸில் தரும் சாம்பாவை (Samba) போட்டு விண்டோஸ் பகிர்வாகக் காட்டுவது இன்னொன்று. இரண்டிலும் அச்சாகும். அச்சாகாத அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கப்ஸில் பிழைச் செய்தியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது. நிறுவியதும் அது பொதுவாக லோக்கல்ஹோஸ்ட்டின் 631 போர்ட்டில் மட்டுமே இயங்கும். அதனால் வெளியிலிருந்து 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் முதலில் கப்ஸின் அமைப்புக் கோப்பான cupsd.conf-இல், அது எந்த முகவரியில் இயங்குகிறது என்று சொல்லும் லிசன் (Listen) வரியைப் பாருங்கள். 'ஃபர்பிடன்' என்றால் பெரும்பாலும் அதே கோப்பில் யாருக்கு அனுமதி என்று சொல்லும் அலோ (Allow) வரியில் உங்கள் நெட்வொர்க் இல்லை. பலரும் குழம்புவது 'பேட் ரிக்வெஸ்ட்'டில்தான்: ஐபி முகவரியில் திறக்கும், சர்வரின் பெயரைக் கொடுத்தால் திறக்காது. சர்வர்அலையஸ் (ServerAlias) வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் சரியாகிவிடும். முகவரி கொடுத்தால் அச்சாகிறது, பட்டியலில் மட்டும் தானாகத் தெரியவில்லையா? கப்ஸைத் திட்டாதீர்கள். பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி (Avahi) ஓடுகிறதா, ஃபயர்வாலில் யுடிபி 5353 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பாவில் இந்தச் சுகம் இல்லை. அச்சு வேலை 445 போர்ட் வழியாக வந்து, வேலைகள் தற்காலிகமாகக் காத்திருக்கும் ஸ்பூல் ஃபோல்டரில் இறங்கி, பிறகுதான் கப்ஸுக்குப் போகிறது. 'ஆக்சஸ் டினைடு' என்று வந்தால் குற்றவாளி ஃபோல்டர் உரிமையா, பயனர் கணக்கா, விண்டோஸின் கெடுபிடியா? 2021இல் விண்டோஸ் அச்சுச் சேவையின் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமான பிறகு, பகிர்விலிருந்து டிரைவர் இறக்க மைக்ரோசாஃப்ட் அட்மின் உரிமை கேட்க ஆரம்பித்தது. சர்வரில் யாரும் எதையும் தொடாமலே பகிர்வு 'கெட்டுப்போன' கதைகளில் பல இந்த வகை. சாம்பா லாகைப் புரட்டும் முன் சர்வரிலிருந்தே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் கோளாறு கப்ஸிலோ பிரிண்டரிலோதான்.

விண்டோஸ் டொமைனில் (நிறுவனத்தின் மையப் பயனர் கணக்குகளில்) உள்ள குழுக்களை வைத்து யார் எந்தப் பிரிண்டரில் அடிக்கலாம் என்று கட்டுப்படுத்த வேண்டுமானால் சாம்பாவே வசதி. மற்றபடி என் ஓட்டு ஐபிபிக்கே. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஐபிபி முகவரியைக் கொடுத்தே பிரிண்டரைச் சேர்க்கலாம். 631 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். நெட்வொர்க் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டு (cups-browsed) சேவையின் ஓட்டைகள் 2024 செப்டம்பரில் வெளியானபோது, இணையத்திலிருந்து நேரடியாக மாட்டிக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தவை அப்படித் திறந்து கிடந்த சர்வர்கள்தான்.